புதுப்பிப்பு: ஆர்டர் மெயில்கள் இப்போது இன்பாக்ஸுக்கே போகின்றன

எங்கள் கடை இணையதளத்தின் ஆர்டர் மெயில்கள் ஸ்பாமில் விழுகின்றன என்று முன்பு கேட்டிருந்தேனே, அது தீர்ந்தது. டிஎன்எஸ்ஸில் (டொமைனின் விவரங்கள் இருக்கும் பதிவேடு) எஸ்பிஎஃப் பதிவு, அதாவது எங்கள் டொமைன் பெயரில் மெயில் அனுப்ப எந்த சர்வர்களுக்கு அனுமதி என்று சொல்லும் வரி, இரண்டு இருந்தன: ஹோஸ்டிங்காரர்கள் போட்டது ஒன்று, மெயில் சேவைக்கானது இன்னொன்று. ஒரு டொமைனுக்கு ஒன்றுதான் இருக்கலாம். இரண்டு இருந்தால் சோதனை பிழையில் முடிந்துவிடும். இரண்டையும் ஒரே வரியாக்கினேன். (அந்த வரியைச் சரிபார்க்கத் தேவைப்படும் டிஎன்எஸ் தேடல்கள் 10-ஐத் தாண்டக்கூடாது, கவனம்.)

அப்புறம் இணையதளத்தின் நிரலே லாகின் இல்லாமல் அனுப்பும் பிஎச்பி மெயிலை விட்டு, மெயில் சர்வரில் 587 போர்ட் வழியே லாகின் செய்து அனுப்பும் எஸ்எம்டிபி முறைக்கு மாறினேன். டிகிம் (மெயிலில் இடும் டிஜிட்டல் கையொப்பம்) சாவியும் ஏற்றியாயிற்று. ஜிமெயிலில் 'ஷோ ஒரிஜினல்' (மெயிலின் ஹெடரை, அதாவது அது வந்த வழி விவரங்களைக் காட்டும் பக்கம்) திறந்தால் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் (முதல் இரண்டில் எதிலும் தேறாத மெயிலை என்ன செய்வது என்று சொல்லும் விதி) மூன்றுமே பாஸ்! ஹெடரைப் பார்க்கச் சொன்னவர்களுக்கு மனமார்ந்த நன்றி. டிமார்க்கை இப்போதைக்கு எதையும் தடுக்காத கண்காணிப்பு நிலையில்தான் வைத்திருக்கிறேன். பில் மென்பொருள் அனுப்பும் மெயிலும் தேறிய பிறகே இறுக்குவேன்.