கைக்குழந்தைகளின் கண்புரை ஒப்பரேஷன்: அதற்குப் பிறகு பார்வை எப்படி இருக்கிறது? எங்கள் மலையக அனுபவங்கள்

மஸ்கெலியா அம்மா:

பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத பிள்ளைக்கு இரண்டு கண்ணிலும் புரை, ஒப்பரேஷன் செய்தால் பார்வை வருமா என்று ஒரு தங்கச்சி கேட்டிருந்தார். வரும் தங்கச்சி. ஆனால் கட்டுப் பிரித்த அன்றைக்கே வந்துவிடாது. இதை எங்களுக்கு யாரும் விளக்கமாகச் சொல்லவில்லை. வாட்டிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்த பிறகு, ஏன் இன்னும் முகம் பார்க்கவில்லை என்று வீடே ஏங்கிக் கிடந்தது.

என் மகளுக்கும் இரண்டு கண்ணிலும்தான். லயத்துக்கு வந்த மிட்வைஃப் மிஸ்தான் முதலில் கண்டார். கருமணிக்குள் சாம்பல் பூத்த மாதிரி இருக்கிறது, உடனே காட்டுங்கள் என்றார். நுவரெலியாவுக்குப் போய் அங்கிருந்து கண்டிக்கு அனுப்பினார்கள். பச்சைப் பிள்ளைக்கு மயக்க மருந்தா, ஒரு வயசாவது ஆகட்டும் என்று மாமியார் பிடிவாதமாக இருந்தார். டொக்டர் அம்மா அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, "அம்மா, கண்ணைத் திறந்தால் போதாது, பார்ப்பதற்கு மூளை பழக வேண்டும்" என்று ஆரம்பித்தார். முதல் சில மாதங்களில் தெளிவான படம் உள்ளே போகாவிட்டால் அந்தப் பழக்கம் வராமலே போய்விடுமாம், பிறகு புரையை எடுத்தாலும் பயன் குறைவாம். ஒரு கண்ணில் மட்டும் என்றால் 6 வாரத்துக்குள், இரண்டிலும் என்றால் 8 முதல் 10 வாரத்துக்குள் செய்வது நல்லது என்றார். அதற்காகப் பிறந்த கையோடும் செய்ய மாட்டார்களாம். 4 வாரத்துக்கு முன் செய்தால் பின்னாளில் கண்ணுக்குள் அழுத்தம் கூடும் ஆபத்து அதிகம் என்றார். மாமியார் அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை.

ஒரு கண், சில நாள் விட்டு மற்றக் கண். உள்ளே செயற்கை லென்ஸ் வைக்கவில்லை. புரை பிடித்த லென்ஸை எடுத்துவிட்டு, அதன் வேலையைக் கண்ணாடியிடம் கொடுத்தார்கள். பவர் 20க்கும் மேல். அத்தனை சின்ன முகத்தில் அவ்வளவு தடித்த கண்ணாடியைப் பார்த்து அழாத சொந்தக்காரர் இல்லை. கடையில் தந்த எலாஸ்டிக் பட்டி காதுக்குப் பின்னால் சிவக்க வைத்தது. பழைய பருத்திச் சட்டையைக் கிழித்து நாடா தைத்து, பின்னந்தலையில் முடிச்சுப் போட்டேன். அவள் பிடுங்குவாள், நான் மாட்டுவேன், அவள் பிடுங்குவாள். பனி நாளில் அடுப்படிக்குத் தூக்கிக்கொண்டு போனால் கண்ணாடி முழுக்க ஆவி படியும், துடைத்து மாட்டுவதற்குள் ஒரு பாட்டம் அழுகை.

அப்புறம் ஒரு மத்தியானம், தவழுகிற வயதில், சிமெந்துத் தரையில் ஓடின ஒரு எறும்பின் பின்னாலேயே போய் விரலால் அமுக்கினாள். எறும்பு! அன்றைக்கு நான் போட்ட சத்தத்தில் பக்கத்துக் காம்பராவே ஓடிவந்தது.

இப்போது இரண்டாம் வகுப்பு. கண்ணாடியோடு கிளினிக் போர்டில் 6/18 வரிசை வரை வாசிக்கிறாள், அதாவது நல்ல பார்வை உள்ளவர் 18 மீற்றரில் நின்று வாசிப்பதை இவள் 6 மீற்றரில் நின்று வாசிக்கிறாள். கண் கொஞ்சம் ஆடும். பக்கத்தில் வாசிக்க அடியில் தனிப் பவர் வைத்த கண்ணாடி. அவளால் முடிகிறது, அவ்வளவுதான் எனக்கு வேண்டும்.

வெலிமடை அப்பா:

அக்கா சொன்னது இரண்டு கண். ஒரு கண்ணில் மட்டும் வந்தால் கதை வேறு, அதையும் அந்தத் தங்கச்சி தெரிந்துகொள்ள வேண்டும். என் மகன் ஓடுவான், பந்து பிடிப்பான், நல்ல கண் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மூன்று வயதை நெருங்கும்போதுதான் இடது கண் ஒருபக்கமாக ஒதுங்க ஆரம்பித்தது. டவுனில் ஒரு தனியார் இடத்தில் காட்டினோம். சொட்டு மருந்தில் கரைந்துவிடும் என்று சொல்லி மாதக்கணக்கில் இழுத்தார்கள். புரையைக் கரைக்கிற சொட்டு மருந்து இன்றுவரை கிடையாது. அதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு எரிகிறது.

பதுளையில் பார்த்த டொக்டர் ஒளிக்காமல் சொன்னார், "லென்ஸ் வைத்து நன்றாகச் செய்யலாம், ஆனால் இந்தக் கண் சோம்பிப் போய்விட்டது, எவ்வளவு திரும்பும் என்று வாக்குக் கொடுக்க முடியாது" என்று. அதன்பின் சோம்பிய கண்ணை வேலை செய்யவைக்க நல்ல கண்ணை மறைத்துப் பிளாஸ்டர். நல்ல கண்ணை மூடினால் பிள்ளைக்கு உலகமே மங்கல், அழாமல் என்ன செய்வான்? கன்னத்துத் தோல் உரிந்து வந்தது. பிறகு ஓரத்தில் தேங்காய் எண்ணெய் தொட்டு ஊறவைத்து எடுக்கப் பழகினோம். மனைவி பிளாஸ்டர் மேல் பேனையால் தேயிலை இலை வரைந்துகொடுப்பாள், அதைப் போட்டால் ஒரு கார்ட்டூன் முடியும் வரை தாங்குவான். தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் (பிள்ளைகள் காப்பகம்) இருக்கும் அக்கா செய்த உதவியை மறக்க மாட்டேன். மகன் தனியாகத் தெரியக்கூடாது என்று மற்றப் பிள்ளைகளுக்கும் ஒரு கண்ணில் துணிப் பட்டி கட்டி விளையாடவிட்டார்.

விரல் எண்ணுகிற அளவில் இருந்த கண் இன்று போர்டின் மேலிருந்து இரண்டாவது எழுத்து வரிசையைச் சொல்கிறது. அவ்வளவுதான். அதை ஒன்றுமில்லை என்று சொல்ல நான் விடமாட்டேன். நல்ல கண்ணுக்குக் காவலாக எந்நேரமும் கண்ணாடி போடுகிறான்.

கண்டி, கண் கிளினிக்கில் வேலை செய்யும் அக்கா:

வெலிமடைத் தம்பி, உங்கள் மகனுக்கு வந்தது வழக்கத்தைவிடக் குறைவான பலன் என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில், ஒரு கண்ணில் மட்டும் புரையோடு பிறந்த 114 குழந்தைகளுக்கு 1 முதல் 6 மாத வயதில் ஒப்பரேஷன் செய்து, பாதிப் பேருக்கு உள்ளே லென்ஸும் மீதிப் பேருக்குக் கொன்டாக்ட் லென்ஸும் கொடுத்துப் பல வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். நாலரை வயதில் அந்தக் கண்ணின் பார்வை இரண்டு குழுவுக்கும் ஒரே அளவுதான். ஆனால் உள்ளே லென்ஸ் வைத்தவர்களில் 72 சதவீதம் பேருக்குத் திரும்பவும் கண்ணுக்குள் ஒப்பரேஷன் தேவைப்பட்டது, மற்றவர்களில் 21 சதவீதம். 10 வயதில் கால்வாசிப் பிள்ளைகளுக்கு அந்தக் கண்ணில் 6/12 அல்லது அதைவிட நல்ல பார்வை, 44 சதவீதம் பேருக்கு 6/60 அல்லது அதற்கும் கீழே. நேரத்தோடு, பெரிய இடத்தில் செய்தும் இப்படி. லென்ஸ் வைக்கவில்லையே, ஏமாற்றிவிட்டார்களோ என்று கைக்குழந்தையோடு வரும் அம்மாமார் அழும்போது இதைத்தான் எடுத்துச் சொல்கிறேன்.

இன்னொன்று. அதே பிள்ளைகளில் 22 சதவீதம் பேருக்கு 10 வருடத்துக்குள் கிளோகோமா என்ற கண் அழுத்த நோய் வந்தது. கண் அழுத்தம் சத்தமில்லாமல் ஏறும், வலி இல்லாமலே நரம்பைத் தின்னும். நன்றாகத்தானே பார்க்கிறான் என்று கிளினிக்கை நிறுத்தாதீர்கள். கண்ணீர் வடிதல், வெளிச்சத்துக்குக் கூசுதல், கருமணி பெரிதாகத் தெரிதல் இருந்தால் திகதி வரும்வரை காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே வாருங்கள்.

ஹட்டன் ஆசிரியை:

நான் 1995இல் பிறந்தவள். அம்மா என்னைச் சுமந்தபோது காய்ச்சலும் மேலெல்லாம் சிவப்புத் தடிப்பும் வந்ததாம். ருபெல்லா, வயிற்றுப் பிள்ளையையும் தாக்குகிற வைரஸ் நோய். அதனால் எனக்கு இரண்டு கண்ணிலும் புரை, ஒரு காது மந்தம். ஒப்பரேஷன் செய்தது ஒரு வயது கடந்த பிறகு, அதனால் பார்வை ஓரளவுக்குத்தான். பள்ளிக்கூடத்தில் முன் பெஞ்சு, கரும்பலகைக்குப் பக்கத்தில் எழுந்துபோய் வாசிக்க ஒரு அனுமதி, இவ்வளவு போதுமாக இருந்தது. சில ஆசிரியர்கள் அதைக்கூடத் தரவில்லை. இன்று என் வகுப்பில் தடித்த கண்ணாடியோடு யார் வந்தாலும் முதல் நாளே இடம் மாற்றிவிடுவேன்.

இலங்கையில் 1996இல் பெண்களுக்கு ருபெல்லா தடுப்பூசி தொடங்கினார்கள், 2011இலிருந்து பிள்ளைகளுக்கு எம்எம்ஆர் (தட்டம்மை, கூகைக்கட்டு, ருபெல்லா மூன்றுக்கும் சேர்ந்த ஊசி). 2020இல் நாட்டில் ருபெல்லா ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. எல்லாப் புரையும் ருபெல்லாவால் வருவதில்லை, பரம்பரையாகவும் வரும், காரணமே தெரியாமலும் வரும். ஆனாலும் என்னைப் போல ஒரு பிள்ளை இனி இதனால் பிறக்கத் தேவையில்லை. கலியாணம் பேசியிருக்கும் தங்கச்சிமார் ஊசிக் கார்டை எடுத்துப் பாருங்கள்.

மஸ்கெலியா அம்மா:

கிளினிக் நாளில் பேர் (நாள் சம்பளம்) விழாதே, என்ன செய்வது என்று தனியாகக் கேட்ட தங்கச்சிக்கு: திகதிக் கார்டை முதல் நாளே கணக்கப்பிள்ளையிடம் காட்டுங்கள், எங்கள் தோட்டத்தில் அரைப் பேராவது போட்டுத் தந்தார்கள். விடியக்காலை முதல் பஸ்ஸில் ஏறுங்கள். கண்ணாடி கீறினால் பவர் எழுதிய துண்டு வேண்டும், அதைப் பிள்ளையின் கார்டோடு சேர்த்து உறையில் வையுங்கள். என் மகளுக்கு உள்ளே லென்ஸ் வைப்பது பற்றி டொக்டர் இப்போது பேசியிருக்கிறார். அழுத்தம் சரியாக இருந்தால் டிசம்பர் லீவில் முடிவு செய்வோம்.