பிக் ஸ்டார் கசற் ஒன்றைக் காப்பாற்ற வேண்டும், திருகோணமலையில் யாராவது உதவுங்கள்

வணக்கம் உறவுகளே. மாமாவின் பெட்டியில் ஒரு கசற் கிடைத்தது. 1972இல் பிக் ஸ்டார் என்ற அமெரிக்க ரொக் இசைக்குழு வெளியிட்ட முதல் அல்பம், 'நம்பர் வன் ரெக்கோர்ட்'. கப்பலில் வேலை செய்த காலத்தில் யாரோ நண்பரின் இசைத்தட்டிலிருந்து பதிந்து கொண்டு வந்தாராம்.

மெம்பிஸ் நகரத்து நான்கு பேர். அலெக்ஸ் சில்டனும் கிறிஸ் பெல்லும்தான் பெரும்பாலான பாடல்களை எழுதினார்கள். பளிச்சென்ற கிற்றார், குரல் மேல் குரலாக அடுக்கிய பாட்டு. ரொக்கின் வேகமும் இனிமையான மெட்டும் கலந்த பவர் பொப் இசை என்றால் நான் முதலில் சொல்வது இதைத்தான். விநியோகம் சரியாக நடக்காததால் அப்போது கடைகளுக்கே ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை. இவ்வளவு நல்ல இசைக்கு அப்படி நடந்ததை நினைத்தால் இன்றும் மனம் ஆறாது.

பாடல்கள் யூரியூப்பில் இருக்கின்றன, சரி. ஆனால் ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் மாமா தன் குரலில் பெயர் சொல்லியிருக்கிறார். அவர் இப்போது இல்லை.

நாடாவை அழுத்திப் பிடிக்கும் சின்னப் பஞ்சுத் துண்டு கழன்று விழுந்துவிட்டது. ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சணம். கடற்காற்று வேறு. பயத்தில் போட்டுப் பார்க்கவில்லை.

திருக்கோணமலை ரவுன், உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் நல்ல நிலையில் கசற் டெக் வைத்திருக்கும் அண்ணாமார், அக்காமார் யாராவது இருக்கிறீர்களா? திருகாணி போட்ட பழைய வெற்றுக் கசற் ஒன்று இருந்தாலும் போதும், நாடாவை அதற்குள் மாற்றலாம். பூஞ்சணத்தை எப்படித் துடைப்பது என்று தெரிந்தவர்களும் சொல்லுங்கள். நானே கொண்டு வருவேன், பக்கத்தில் இருந்தே பதிந்துகொள்கிறேன்.