பழைய புடவை ஒன்று வேண்டும்

குழு: நம்ம வீடு
சனிக்கிழமை, இரவு 8.10

சுமதி அக்கா: யாரிடமாவது கட்டிக் கழித்த புடவை இருக்கிறதா? கார்த்திக்குப் பள்ளி ஆண்டு விழாவில் நாடகம். அவன்தான் லேடி கெட்டப். கிழிந்தாலும் கவலைப்படாத மாதிரி ஒன்று வேண்டும்.

அம்மா: என் பீரோவில் அடித்தட்டில் ஊதா நைலெக்ஸ் கிடக்கிறது. பத்து வருஷமாகத் தொடவில்லை. எடுத்துக்கொள்.

தம்பி ராஜு: ஆஹா, நம் பரம்பரையில் ஒரு வடிவேல் பாலாஜி! கார்த்தி, இதைப் பார்த்துப் பழகு. பழைய கிளிப். பன்னிரண்டு வருஷம் இருக்கும். வயிறு வலிக்கும், மாத்திரை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

தம்பி ராஜு: (காணொளி)

இரவு 8.41

தம்பி ராஜு: என்னப்பா இது, அரை மணி நேரம் ஆகிறது. எல்லோருக்கும் நீல டிக் விழுந்திருக்கிறது. ஒரு ஆள்கூடச் சிரிக்கவில்லையா?

தாரணி: பார்த்தேன் மாமா. மாராப்பு நழுவுகிறது, உள்ளே வைத்த பந்து கீழே விழுகிறது, இன்னொருத்தர் அதைத் தூக்கிப் போட்டுப் பிடிக்கிறார். இதில் எங்கே சிரிக்க வேண்டும் என்று நிமிஷத்தைச் சொல்லுங்கள், மறுபடி பார்க்கிறேன்.

தம்பி ராஜு: அடேயப்பா! இதே கிளிப்பைப் பார்த்துவிட்டு ஏழு வயசில் சோபாவிலிருந்து உருண்டு விழுந்தவள் நீ. சாட்சி உன் அம்மா.

சுமதி அக்கா: விழுந்தாள். நெற்றியில் வீக்கம்.

தாரணி: ஏழு வயசில் யாராவது தும்மினாலும் விழுந்திருப்பேன்.

பெரியப்பா: ராஜு, பெண் வேஷம் என்றாலே கேலி என்று டிவி பார்த்துப் பழகிவிட்டீர்கள். நாடக நடிகர் டி.கே. சண்முகம் ஔவையார் வேஷம் கட்டியவர். அந்த வேஷமே பெயரோடு ஒட்டி ‘அவ்வை’ சண்முகம் ஆனார். சங்கரதாஸ் சுவாமிகள் காலத்துப் பாய்ஸ் கம்பெனிகளில் எல்லாப் பெண் பாத்திரமும் பையன்கள்தான். சிவாஜி சின்னப் பையனாகச் சீதை வேஷம் கட்டியவர். எதுவும் சிரிப்புக்குக் கட்டியதில்லை.

மும்பை அத்தை: அண்ணா, பெண்கள் மேடையேறினால் ஊர் நாக்கில் நரம்பில்லாமல் பேசும் என்றுதானே பையன்களைக் கட்ட வைத்தார்கள்? அதைப் போய்ப் பொற்காலம் மாதிரி சொல்கிறீர்கள்.

பெரியப்பா: பொற்காலம் என்று எங்கேயம்மா சொன்னேன்? ஒன்று மட்டும் சொல்கிறேன், கேள். ஊரில் துகிலுரிதல் கூத்து. எனக்குப் பத்து வயது இருக்கும். ஓலைத் தடுப்புக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். திரௌபதி குந்த வைத்து உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார். முகத்தில் அரிதாரம், தலையில் சவுரி. பகலில் எங்கள் தெரு வழியாக மாடு ஓட்டிக்கொண்டு போகிறவர். அரை மணி நேரம் கழித்து அதே ஆள் கூந்தலை விரித்துக்கொண்டு முன்னால் வந்து நின்றார். பக்கத்தில் இருந்த என் அம்மா எழுந்து கற்பூரம் கொளுத்தினாள். பீடி விஷயத்தை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

தம்பி ராஜு: பெரியப்பா, அது சாமி சமாசாரம். இது காமெடி. இரண்டையும் ஒரே தராசில் வைத்தால் எப்படி?

தாரணி: சரி, காமெடிக்கே வருகிறேன். ‘அவ்வை சண்முகி’ 1996இல் வந்த படம். போன மாதம்கூட நானும் பாட்டியும் பார்த்தோம், நன்றாகத்தான் சிரித்தோம். அதில் மாமி ஒரு முழு ஆள். சமைப்பாள், அதட்டுவாள், குழந்தைக்குக் கதை சொல்வாள். எங்கே மாட்டிக்கொள்வாரோ என்றுதான் நமக்குச் சிரிப்பு. உங்கள் கிளிப்பில் அந்தப் பெண்ணுக்குப் பெயராவது இருக்கிறதா?

பெரியப்பா: அந்தப் படத்தின் பெயரே டி.கே.எஸ்.ஸுக்குச் செய்த மரியாதைதான்.

தம்பி ராஜு: அப்படியானால் விஜய் டிவி காமெடியன் ராமர்? ‘என்னம்மா இப்படிப் பண்றீங்களேம்மா’ என்று வீடு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தது யார்?

தாரணி: அது பெண் வேஷம் இல்லை மாமா, ஆள் வேஷம். லட்சுமி ராமகிருஷ்ணன் ‘சொல்வதெல்லாம் உண்மை’யில் உட்காரும் விதம், கையசைப்பு, இழுவை எல்லாம் கவனித்துச் செய்தது.

அம்மா: அந்த அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை என்று அவரே சொன்னாரே. போகிற இடமெல்லாம் அதையே சொல்லிக் கிண்டல் செய்தால் யாருக்குத்தான் பிடிக்கும்?

தாரணி: பாட்டி, அது எனக்குத் தோன்றவில்லை. ஒப்புக்கொள்கிறேன்.

மும்பை அத்தை: இங்கே 2013இல் கபில் ஷர்மா நிகழ்ச்சியில் சுனில் குரோவர் ‘குத்தி’யாக வந்தபோது எங்கள் கட்டடத்துப் பிள்ளைகள் எல்லாம் அதே மாதிரி நடந்தார்கள். நானும் ரசிகை. அதே நிகழ்ச்சியில் ஒரு பாட்டி வேஷம், வருகிற விருந்தாளிக்கெல்லாம் முத்தம் கொடுக்கத் துரத்தும். அப்போது சிரித்தேன். இப்போது மறுஒளிபரப்பில் வந்தால் நெளிகிறேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

இரவு 9.20

மூர்த்தி அண்ணன்: நான் ஒன்று சொல்லலாமா? இந்தக் குழுவில் லேடி கெட்டப் போட்டுச் சம்பாதித்தவன் நான் ஒருவன்தான்.

தம்பி ராஜு: சொல்லுங்கண்ணா! நம் கட்சிக்கு ஆள் வந்தாச்சு.

மூர்த்தி அண்ணன்: முழுக்கக் கேட்டுவிட்டுக் கட்சி பிரி. 2005இல் ‘கலக்கப் போவது யாரு’ வந்த பிறகு எந்தத் திருவிழாவுக்கும் மிமிக்ரி ட்ரூப் கேட்டார்கள். எங்கள் ட்ரூப்பில் ஐந்து பேர், ஐந்தும் ஆண்கள். யாருக்குப் புடவை என்றால் மீசை இல்லாதவனுக்கு. அது நான். அவ்வளவுதான் கலை.

மூர்த்தி அண்ணன்: எங்கள் பாஷையில் ‘என்ட்ரி சிரிப்பு’ என்று ஒன்று உண்டு. ஒரு வார்த்தை பேச வேண்டாம். கொலுசோடு நடந்து வந்து நின்றால் போதும். விசிலும் சத்தமும் அடங்க அரை நிமிஷம் ஆகும். மைக் பிடித்தவன் அதுவரை சும்மா நிற்பான். எங்கள் டைமிங்கே அந்த அரை நிமிஷத்தை நம்பித்தான். உண்மையைச் சொன்னால், அந்தச் சிரிப்பு இருந்ததால் நாங்கள் வசனமே ஒழுங்காக எழுதியதில்லை.

மூர்த்தி அண்ணன்: போகப்போக அது பத்து செகண்ட் ஆனது. நான் வேலை கிடைத்து விட்டுவிட்டேன். 2018இல் நண்பன் கல்யாண ரிசப்ஷனில் எல்லோரும் கேட்டார்கள் என்று ஒரே ஒரு தடவை மறுபடி கட்டினேன். கொலுசோடு வந்து நின்றேன். ஃபேன் சத்தம் கேட்டது. முன்வரிசையில் நான்கு பெண் பிள்ளைகள். அவர்கள் முகத்தில் கோபம்கூட இல்லை. பாவம் பார்த்தார்கள். மேடையில் அதைவிடக் கேவலம் கிடையாது.

தாரணி: ஏன் மாமா போயிற்று அந்தச் சிரிப்பு?

மூர்த்தி அண்ணன்: டிவியில் வாரா வாரம் பார்த்துச் சலித்துப் போனது ஒன்று. பெண்களே மைக் பிடித்தது இன்னொன்று. அறந்தாங்கி நிஷா வந்து தன் நிறத்தையும் உடம்பையும் தன் வாயாலேயே ஜோக்கடித்துக் கைதட்டு வாங்கிக்கொண்டு போன பிறகு, பக்கத்தில் புடவையோடு நிற்கிற ஆண் எதற்கு? இப்போது ரீல்ஸில் பையன்கள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு அவரவர் அம்மா மாதிரி பேசுகிறார்கள். அது ஓடுகிறது. ரசித்து ஃபார்வர்ட் செய்வதே அம்மாக்கள்தான். பந்தும் இல்லை, மாராப்பும் இல்லை.

மூர்த்தி அண்ணன்: இன்னொன்றும் இருக்கிறது. எங்கள் ஸ்கிரிப்டில் ஒரு எண் வரும், எதிரில் நிற்பவன் என்னைப் பார்த்துச் சொல்வான். எந்த எண் என்று உங்களுக்கே தெரியும். இரண்டு இடத்தில் வைத்திருந்தோம், இரண்டிலும் கைதட்டு நிச்சயம். ஒருநாள் நிகழ்ச்சி முடிந்து கடைசி பஸ்ஸுக்கு ஓடினேன். புருவத்து மையும் உதட்டுச் சாயமும் சரியாகப் போகவில்லை. பஸ் ஸ்டாண்டில் இரண்டு பேர் அதே எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஒருவன் கன்னத்தைக் கிள்ளினான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மேடையில் எனக்குக் கிடைத்த அதே சிரிப்பு, அதே சத்தம். மறுநாள் அந்த இரண்டு வரியையும் எடுக்கச் சொன்னேன். ட்ரூப்பில் சண்டை.

தம்பி ராஜு: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சுமதி அக்கா: ராஜு, நான் படித்துவிட்டேன்.

தம்பி ராஜு: கை முந்திக்கொண்டது. மன்னித்துவிடுங்கள் அண்ணா.

பெரியப்பா: மூர்த்தி, இதை நீ என்னிடம் சொன்னதே இல்லை.

மூர்த்தி அண்ணன்: சொன்னால் ‘அப்போதே சொன்னேனே’ என்பீர்கள் அப்பா.

பெரியப்பா: சொல்லியிருப்பேன்தான்.

நான்: இவ்வளவு நேரம் சும்மா படித்துக்கொண்டிருந்தேன். 2008இல் திருநங்கைகளுக்கு நல வாரியம் வந்தது. அதே வருஷம் விஜய் டிவியில் ரோஸ் என்ற திருநங்கை நடத்திய ‘இப்படிக்கு ரோஸ்’ ஓடியது. அம்மாவும் நானும் பார்ப்போம். முதல் நாள் அம்மா, “குரல் ஒரு மாதிரி இருக்கே” என்றார். மூன்றாவது வாரம், “நல்லா கேள்வி கேட்கிறா இந்தப் பொண்ணு” என்றார். அதற்கப்புறம் எந்தக் காமெடியிலாவது அந்த எண் வந்தால் அம்மா ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைத்துவிடுவார். ஒரு வார்த்தை சொன்னதில்லை. சத்தம் மட்டும் குறையும். அம்மா, ஞாபகம் இருக்கிறதா?

அம்மா: அந்தப் பெண் புடவை கட்டுகிற நேர்த்தி ஞாபகம் இருக்கிறது.

தாரணி: என் வகுப்பில் ஒரு திருநங்கை படிக்கிறாள். மூன்றாம் பாலினத்தை அங்கீகரித்த 2014 உச்ச நீதிமன்றத் தீர்ப்பைப் பாடமாக நடத்திய அன்று எல்லோரும் திரும்பி அவளையே பார்த்தார்கள். அவள் சாவகாசமாக, “என்ன, ஆட்டோகிராஃப் வேணுமா?” என்றாள். வகுப்பே சிரித்தது. மாமா, நீங்கள் அனுப்பிய கிளிப்பை அவள் பக்கத்தில் உட்கார்ந்து என்னால் பார்க்க முடியாது. அதைத்தான் முதலிலேயே சொல்ல வந்தேன்.

தம்பி ராஜு: சரிம்மா. ஆனால் ஒன்று கேட்கிறேன். இப்படியே போனால் ஆண் பெண் வேஷமே போடக் கூடாது என்றாகிவிடாதா? கார்த்தி என்ன செய்வான்?

மும்பை அத்தை: போடட்டுமே. யார் வேண்டாம் என்றது?

தாரணி: கார்த்தி, உன் கதை என்ன? எழுது.

கார்த்தி: நான் ஒரு பாட்டி. ஏடிஎம்மில் பின் நம்பர் மறந்துவிட்டு வரிசையில் நிற்கிற எல்லோரிடமும் கேட்பேன். கடைசியில் வழுக்கி விழுவேன், விக் கழன்றுவிடும். எல்லோரும் ‘டேய், ஆம்பளைடா’ என்று கத்துவார்கள். அது சார் வைத்தது.

மூர்த்தி அண்ணன்: வரிசையில் நிற்பவர்களிடமே பின் நம்பர் கேட்பது அருமை. விக் கழல்வதை எடுத்துவிடலாமா என்று சாரிடம் கேள். விக் போனதும் பாட்டி போய்விடுவாள். அதுவரை நீ செய்ததும் அவளோடு போய்விடும்.

கார்த்தி: அப்போ எப்படி முடிப்பது?

மூர்த்தி அண்ணன்: அவளுக்கே ஞாபகம் வரட்டும். சந்தோஷத்தில் சத்தமாகச் சொல்லிவிடட்டும், வரிசை முழுக்கக் குறித்துக்கொள்ளட்டும். இப்போது இதைக் கேள். புடவைக்குள் அடியைச் சின்னதாக வை. முந்தானையை வாயில் கடிக்காதே, நிஜத்தில் எந்தப் பாட்டியும் அப்படி நிற்பதில்லை. குரலைக் கீச்சென்று ஆக்காதே. நாற்காலியிலிருந்து எழுந்திருக்கும்போது உன் பாட்டி முதலில் என்ன செய்கிறாள் என்று பார்த்து வை.

கார்த்தி: தெரியும் மாமா. இடது முட்டியைப் பிடித்துக்கொண்டு ‘முருகா’ என்பாள். அப்புறம் கண்ணாடியைத் தேடுவாள். அது தலையிலேயே இருக்கும்.

அம்மா: நான் எப்போது அப்படிச் செய்தேன்?

சுமதி அக்கா: இன்று காலை.

தம்பி ராஜு: நேற்றும்.

மும்பை அத்தை: போன தடவை ஊருக்கு வந்தபோது நான்கு தடவை எண்ணினேன்.

அம்மா: (குரல் பதிவு, 0:31)

தாரணி: பாட்டியின் குரல் பதிவு கேட்காதவர்களுக்கு எழுதுகிறேன்: “அந்த நைலெக்ஸை எடுக்காதே. என்னைத்தானே நடிக்கப் போகிறான்? நான் எந்தக் காலத்தில் நைலெக்ஸ் கட்டிக்கொண்டு பாங்குக்குப் போனேன்? பச்சைச் சுங்குடி தருகிறேன். கஞ்சி போட்டுக் கட்ட வேண்டும். கிழித்தான் என்றால் பாட்டியும் இல்லை, பேரனும் இல்லை.”

கார்த்தி: கண்ணாடியும் வேண்டும் பாட்டி.

அம்மா: எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை.