2,850 ஆர்பிஎம்மில் காதை அடைக்கும் எக்ஸாஸ்ட் சத்தம்: காருக்குள் எப்படிக் குறைப்பது?

சேலத்து ஸ்விஃப்ட்:
வணக்கம். என்னுடையது பழைய ஸ்விஃப்ட் பெட்ரோல், 1.2 லிட்டர், நான்கு சிலிண்டர். பின் சைலன்சர் துருப்பிடித்து ஓட்டை விழுந்துவிட்டது. அதை எடுத்துவிட்டு புகை தடையில்லாமல் நேராகப் போகும் ஸ்ட்ரெய்ட்-த்ரூ மஃப்ளர் (இதுவும் ஒரு வகை சைலன்சர்தான்) போட்டேன். நடுவில் இருந்த சின்ன சைலன்சரையும் கழற்றி, அந்த இடத்தில் நேர்க்குழாய் வைத்துக் கொடுத்தார்கள்.

ஊருக்குள் ஓட்டும்போது சத்தம் அருமை, அதை விட மனசில்லை. ஆனால் தொப்பூர் தாண்டி தருமபுரி பக்கம் ஐந்தாவது கியரில் போனால், 2,700 முதல் 3,000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் எண்ணிக்கை) வரை ‘உம்ம்ம்’ என்று காருக்குள் அடைத்துக்கொள்கிறது. 3,300க்கு மேல் போனால் காணோம். முன் சீட்டில் எனக்கு ஓரளவுதான் தெரிகிறது. பின்னால் உட்காரும் அம்மாவுக்குத் தலைவலியே வந்துவிடுகிறது. சத்தத்தையும் விடாமல் இதை மட்டும் குறைக்க வழி உண்டா?

நெடுஞ்சாலைக்காரன்:
நான் டிக்கியிலும் ஸ்டெப்னி குழியிலும் பியூட்டைல் டேம்பிங் ஷீட் (தகரத்தின் அதிர்வை அடக்கும் ரப்பர் ஷீட்) ஒட்டினேன். தகரம் கிடுகிடுவென்று அதிர்வது நின்றது, கதவு சாத்தும் சத்தம்கூட நன்றாக மாறியது. ஆனால் நீங்கள் சொல்லும் அந்த உம்ம் சத்தம் பெரிதாகக் குறையவில்லை.

கோவை பைப் பெண்டர்:
குறையாது. எக்ஸாஸ்ட் குழாய் வளைத்து வெல்டிங் செய்வதுதான் என் தொழில். இந்தப் புகாரோடு வரும் பலர் ஏற்கெனவே ஷீட்டுக்குச் செலவு செய்துவிட்டுத்தான் வருகிறார்கள். அதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. ஷீட் தகரத்தின் அதிர்வை அடக்கும். 100 ஹெர்ட்ஸுக்கு (நொடிக்கு 100 அதிர்வு) கீழே இருக்கும் கனத்த சத்தத்தைத் தடுக்க அதன் எடை போதாது. ஸ்ட்ரெய்ட்-த்ரூ மஃப்ளருக்குள் இருக்கும் கண்ணாடி இழையும் அப்படித்தான்: கீச்சென்ற சத்தத்தை நன்றாக உறிஞ்சும், கனத்த சத்தத்தை அப்படியே விட்டுவிடும்.

தம்பி, உங்கள் இன்ஜினில் ஒரு சுற்றுக்கு இரண்டு சிலிண்டர் வெடிக்கிறது. 2,850ஐ 60ஆல் வகுத்து இரண்டால் பெருக்குங்கள், 95 ஹெர்ட்ஸ். மூன்று சிலிண்டர் வண்டி என்றால் ஒன்றரையால் பெருக்க வேண்டும். இப்போது காரின் உட்புறத்தைப் பாருங்கள். கேபின் நீளம் சுமார் 2 மீட்டர் என்று வைத்தால், அதற்குள் இருக்கும் காற்று தானாகவே 86 ஹெர்ட்ஸ் பக்கம் ஒத்ததிரும். வெளியே இருந்து வரும் சத்தமும் உள்ளே இருக்கும் காற்றும் ஏறக்குறைய ஒரே சுருதியில் சேர்ந்துகொள்கின்றன. அந்த அழுத்தம் கேபினின் இரண்டு கோடியிலும் அதிகம், நடுவில் குறைவு. பின் கண்ணாடிக்குப் பக்கத்தில் தலை இருப்பதால் அம்மாவுக்குத்தான் அதிகம் படும். அவர் சொல்வது மிகையே இல்லை.

கழற்றிப் போட்ட நடு சைலன்சர் இந்தக் கனத்த சத்தத்தையும் சேர்த்துத்தான் அடக்கிக்கொண்டிருந்தது. முதல் வேலையாக அதையே திரும்பப் போட்டுப் பாருங்கள். பின் மஃப்ளரின் குரல் பெரும்பாலும் அப்படியே இருக்கும். அதற்கும் அடங்காவிட்டால் மெயின் குழாயிலிருந்து பிரியும் பக்கக் குழாய் ஒன்று வைக்கலாம், ஒரு முனை மூடியது. அதற்குள் போய்த் திரும்பி வரும் ஒலி, மெயின் குழாயில் வரும் அதே சுருதிச் சத்தத்தை எதிர்த்து அடக்கும்.

குழாயைத் தாங்கித் தொங்கவிடும் ரப்பர் ஹேங்கர்களையும் பாருங்கள். குழாய் எங்காவது பாடியைத் தொட்டால் நீங்கள் என்ன செய்தாலும் வீண்.

திருச்சி டீசல்:
அதற்கு முன் லீக் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள், தயவுசெய்து. புதிதாக வெல்டு செய்த இடங்களில் சோப்புத் தண்ணீர் தடவி, இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்தால் குமிழி காட்டிக்கொடுக்கும். டெயில் பைப் பம்பரைத் தாண்டி வெளியே நீள வேண்டும். பம்பருக்கு அடியிலேயே முடிந்தால் சத்தமும் புகையும் டிக்கி வழியாக ஏறும். கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலைவலி என்று எழுதியிருப்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இன்னொன்று, மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவில் சத்த விதிமீறலுக்கு 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு.

சேலத்து ஸ்விஃப்ட்:
லீக் இல்லை, பார்த்துவிட்டேன். டெயில் பைப் பம்பருக்குள்தான் இருந்தது, நீட்டச் சொல்லிவிட்டேன். நடு சைலன்சரைத் திரும்பப் போட்டதில் பாதிக்கு மேல் நிம்மதி, அம்மாவே சொன்னார். மீதி இருப்பதைப் போனில் ஸ்பெக்ட்ரம் ஆப் (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு சத்தம் என்று காட்டுவது) வைத்து, நண்பர் ஓட்ட நான் பின் சீட்டில் இருந்து பதிவு செய்தேன். 2,850 ஆர்பிஎம்மில் 95 ஹெர்ட்ஸ் பக்கம் ஊசி போல நிற்கிறது. அந்தப் பக்கக் குழாய் எவ்வளவு நீளம், எங்கே வைப்பது அண்ணா?

கோவை பைப் பெண்டர்:
அருமையாக அளந்திருக்கிறீர்கள். ஒலியின் வேகத்தை, அதிர்வெண்ணின் நான்கு மடங்கால் வகுத்தால் நீளம் வரும். வேகம் சூட்டைப் பொறுத்தது. குழாய்க்குள் 300 டிகிரி என்றால் நொடிக்கு 480 மீட்டர், 200 டிகிரி என்றால் 436. அப்படியானால் 95 ஹெர்ட்ஸுக்கு 115 முதல் 126 சென்டிமீட்டர் வரை வருகிறது. மூடிய குழாய்க்குள் புகை ஓடாது, அதனால் மெயின் குழாயைவிடக் கொஞ்சம் குளிர்ந்தே இருக்கும். அதை நம்பி ஒரே நீளத்தில் வெட்டி வெல்டு செய்துவிடாதீர்கள். 126க்கு எடுத்து, கடைசித் துண்டை உள்ளே வெளியே நகர்த்தும்படி கிளாம்ப் போட்டு வையுங்கள். சரியான இடம் கிடைத்த பிறகு வெல்டு செய்யலாம்.

அடியில் இடம் இல்லையே என்று பயப்பட வேண்டாம். வளைத்து ‘ஜே’ எழுத்து மாதிரி மெயின் குழாய்க்கு இணையாகக் கொண்டு போகலாம். நடுக்கோட்டில் அளந்தால் போதும். விட்டம் மெயின் குழாய் அளவுக்கே இருக்கட்டும், ஒல்லியான குழாய் என்றால் வேலை செய்யும் ஆர்பிஎம் பரப்பு சுருங்கிவிடும். வாய் பின் மஃப்ளருக்கு முன்னால் திறக்க வேண்டும். டெயில் பைப் முனைக்குப் பக்கத்தில் வைத்தால் அங்கே அழுத்தமே இருக்காது, பயன் இல்லை. மூடிய முனை கொஞ்சம் மேலே தூக்கி இருக்கட்டும், இல்லாவிட்டால் தண்ணீர் தேங்கித் துருப்பிடிக்கும். பெட்ரோல் டேங்க், பிரேக் லைன் இரண்டிலிருந்தும் தள்ளி வையுங்கள். வெல்டு செய்யும்போது பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றச் சொல்லுங்கள், இசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) பத்திரமாக இருக்கும்.

மாட்டிய பிறகு அதே சாலையில், கண்ணாடி எல்லாம் ஏற்றிவிட்டு, அதே ஆர்பிஎம்களில் மறுபடி பதிவு செய்து இங்கே போடுங்கள். 95க்குக் கீழே உள்ள சத்தம் குறைந்து 95 அப்படியே நின்றால் குழாய் நீளம் அதிகம், கடைசித் துண்டை ஒரு சென்டிமீட்டர் உள்ளே தள்ளுங்கள். மேலே உள்ளது குறைந்திருந்தால் வெளியே இழுங்கள்.