அத்தை அனுப்பிய இணைப்பு

அத்தை, காலை 7:12
[இணைப்பு] முதல் ஆட்டம் இலவசம்! உடனே சேருங்கள்!

பெரியப்பா, 7:15
என்ன இது? சீட்டாட்டத்துக்கு ஆள் பிடிக்கிற விளம்பரம். முதலில் இதை எடு.

அத்தை, 7:16
ஐயோ, எனக்குத் தெரியாது அண்ணா. யாரோ அனுப்பினார்கள். படம் அழகாக இருந்தது, அப்படியே இங்கே தள்ளிவிட்டேன்.

தம்பி, 7:20
பெரியப்பா, கோபப்படாமல் ஒரு பதில் சொல்லுங்கள். சூதாட்டம் தவறு என்று எதை வைத்துச் சொல்கிறோம்? திருட்டில் பறிகொடுப்பவனுக்குச் சம்மதம் இல்லை. இங்கே இருவரும் சம்மதித்துத்தானே உட்காருகிறார்கள்?

பெரியப்பா, 7:26
கணக்குத் தெரிந்து உட்காருகிறவன் எத்தனை பேர்? பந்தை உருட்டி ஆடும் ரூலெட் சூதாட்டச் சக்கரத்தையே எடுத்துக்கொள். 0 முதல் 36 வரை 37 குழிகள். ஒரே எண்ணில் கட்டி அது விழுந்தால், கட்டிய பணம் போக 35 மடங்கு தருவான். நியாயப்படி 36 மடங்கு தர வேண்டும். அந்த ஒரு மடங்கில்தான் கடை ஓடுகிறது. 100 கட்டினால் சராசரியாக 2.70 அவனுக்குப் போய்விடும்.

தம்பி, 7:28
2.70 தானே? சினிமா டிக்கெட்டில் 100-க்கு 100-ம் போகிறது. அதை யாரும் பாவம் என்பதில்லையே.

அக்கா, 7:31
ஒரு சுற்றுக்கு 2.70. ஒரு சுற்றோடு எழுந்து போகிறவனை எனக்குக் காட்டு. அமெரிக்க மனநலச் சங்கத்தின் கையேட்டில் முன்பு சூதாட்ட வெறியைத் திருடும் வெறி, தீ வைக்கும் வெறியோடு ஒரே வரிசையில் வைத்திருந்தார்கள். 2013-ல் மது, போதைப்பொருள் இருக்கும் பிரிவுக்கு மாற்றினார்கள்.

பெரியப்பா, 7:35
வள்ளுவர் அங்கேதான் வைத்திருக்கிறார்! 93 கள்ளுண்ணாமை, 94 சூது, 95 மருந்து. மூன்றும் பொருட்பாலில். திருடாதே என்கிற கள்ளாமை அறத்துப்பாலில், 29-வது அதிகாரம்.

அக்கா, 7:36
எல்லாம் அவர் அன்றே சொல்லிவிட்டார் என்று தொடங்காதீர்கள் பெரியப்பா.

பெரியப்பா, 7:38
தொடங்கவில்லை. ஆனால் சூது அதிகாரத்தின் முதல் குறளைப் பார். வென்றாலும் வேண்டாம் என்கிறார். வென்றது, மீன் விழுங்கிய தூண்டில் முள்ளாம்.

தம்பி, 7:41
அப்படியானால் அது நோய், அல்லது நஷ்டம். ஒழுக்கக்கேடு எங்கே வந்தது? ஆடுகிறவன் அடிமையாகிறான் என்பது நடப்பு. ஆடக்கூடாது என்பது கட்டளை. நடப்பிலிருந்து கட்டளைக்கு எப்படித் தாவினீர்கள் என்று தத்துவவாதி டேவிட் ஹியூம் 18-ம் நூற்றாண்டிலேயே கேட்டிருக்கிறார்.

பெரியப்பா, 7:42
பெரியவர்கள் சொன்னார்கள். எனக்கு அது போதும்.

தம்பி, 7:43
பெரியவர்கள் சொன்னதால் தவறா, தவறு என்று தெரிந்து பெரியவர்கள் சொன்னார்களா?

நான், 7:44
சாக்ரடீஸ் தெய்வங்களை வைத்துக் கேட்ட கேள்வி. இவன் பெரியப்பாவை வைத்துக் கேட்கிறான்.

அத்தை, 7:58
இந்தப் பெயர்கள் எனக்குத் தெரியாது. எனக்கு எங்கிருந்து வந்தது என்று மட்டும் சொல்கிறேன். அப்போது எட்டு வயது. பீரோவில் அம்மாவின் வளையல் பெட்டி இருக்கும். அம்மா குளிக்கப் போனால் திறந்து பார்ப்பேன். போட்டுக்கொள்ள அல்ல, சும்மா பார்க்க. ஒரு நாள் திறந்தால் ரோஸ் நிறக் காகிதம் மட்டும் இருக்கிறது. வளையல் இருந்த இடம் இரண்டு வட்டமாக அழுந்தியிருந்தது. அப்பா எடுத்ததுகூடப் பெரிதில்லை. பெட்டியை மூடி, கொக்கியை மாட்டி, பழைய இடத்திலேயே வைத்திருந்தார். நான் யாரிடமும் சொல்லவில்லை. அம்மா அந்தப் பெட்டியைத் தூசி தட்டி வைக்கும்போதெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

தம்பி, 7:59
தாத்தாவா?

பெரியப்பா, 8:05
இதையெல்லாம் இங்கே எழுத வேண்டுமா?

அத்தை, 8:06
பிள்ளை கேட்கிறான் அண்ணா.

அக்கா, 8:08
அத்தை, உங்களுக்குத் தவறாகப் பட்டது ஆட்டமா, ஒளித்ததா?

அத்தை, 8:11
பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. தோற்றேன் என்று வந்து சொல்லியிருந்தால் அம்மா நாலு திட்டுத் திட்டிவிட்டு விட்டிருப்பாள். அவரால் சொல்ல முடியவில்லை.

பெரியப்பா, 8:24
சரி, நானும் சொல்கிறேன். அவர் முதலில் ஜெயித்தார். அந்தப் பணத்தில்தான் எனக்குச் சைக்கிள் வந்தது. பச்சை நிறம், டைனமோ விளக்கு. தெருவில் வேறு யாரிடமும் டைனமோ கிடையாது. அந்தப் பணத்தைத் தோற்றவன் யார், அவன் வீட்டில் எந்தப் பெட்டி காலியாயிற்று என்று ஒரு நாளும் நான் நினைத்ததில்லை. நம் வீட்டு வளையல் போன பிறகுதான் சூது எனக்குப் பாவமாயிற்று.

தம்பி, 8:26
அந்தச் சைக்கிளை என்ன செய்தீர்கள்?

பெரியப்பா, 8:31
ஓட்டினேன். பள்ளிக்கூடம் முடிகிறவரை.

அத்தை, 8:32
என்னையும் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு.

அத்தை, 8:40
காலையில் அனுப்பியதை எப்படி அழிப்பது? அழுத்தினால், எனக்கு மட்டுமா, எல்லோருக்குமா என்று கேட்கிறது.

நான், 8:41
எல்லோருக்கும், அத்தை.