உப்பிய பவர் பேங்க்கை யாரிடம் ஒப்படைப்பது?

வணக்கம். வீட்டில் ஒரு பழைய பவர் பேங்க், 10,000 எம்ஏஎச், லித்தியம் பாலிமர் வகை. மூன்று வாரமாக உப்பிக்கொண்டே வருகிறது. மூடி ஒரு பக்கம் நகம் நுழையும் அளவுக்குப் பிளந்துவிட்டது. கிட்டே போனால் லேசான ரசாயன வாடை.

குப்பை வண்டியில் வாங்க மறுத்துவிட்டார்கள். அவர்கள் சொன்னதும் நியாயம்தான்: வண்டிக்குள் குப்பையை அழுத்தும்போது இது நசுங்கினால் தீப்பிடிக்கும். மக்காத குப்பைக்குள் ஒளித்துப் போடவும் எனக்கு மனமில்லை, அதைக் கையால் பிரிக்கிறவர்களை நினைத்தால் பயமாக இருக்கிறது. வாங்கிய கடையில் உப்பியதை எடுக்க மாட்டார்களாம். உள்ளாட்சி அலுவலகத்துக்கு இரண்டு முறை போன் செய்தேன். மின்கழிவு முகாம் நடக்கும்போது கொண்டு வரச் சொன்னார்கள், தேதி சொல்லவில்லை. சரி என்று மின்கழிவுப் பெட்டி ஒன்றைத் தேடிப் போனால், 'சேதமான பேட்டரி போடக் கூடாது' என்று ஒட்டியிருந்தது.

இப்போது சார்ஜ் போடாமல், தகர டப்பாவில் உலர்ந்த மணலுக்குள் புதைத்து, வெயில் படாத பால்கனி மூலையில் வைத்திருக்கிறேன். வாயு வெளியேற வேண்டுமே என்று மூடியை இறுக்கவில்லை. வீட்டில் சின்னக் குழந்தை இருப்பதால் இரவில் எழுந்து போய்ப் பார்க்கிறேன்.

உப்பிய லித்தியம் பேட்டரியை முறைப்படி ஒப்படைத்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், எப்படிப்பட்ட இடத்தில் அதை வாங்கிக்கொண்டார்கள்?