ஆரக்கிள்ல ஓடின அவுட்டர் ஜாயின் வேற டேட்டாபேஸ்ல உங்களுக்கு என்ன பண்ணுச்சு?

ஆரக்கிள்ல இருந்து போஸ்ட்கிரெஸ்க்கு மாறுறவங்களுக்காக எழுதுறேன். அவுட்டர் ஜாயின்னா ரெண்டு டேபிள சேர்க்கும்போது ஜோடி கிடைக்காத ரோவையும் விடாம காட்டுறது. எங்க ரிப்போர்ட் குவரி எல்லாமே அதுக்கு ஆரக்கிளோட (+) குறி போட்ட பழைய ஸ்டைல். ஆரக்கிள் 9ஐ (2001) வந்தப்பறம்தான் அங்க லெஃப்ட் ஜாயின்னே (இடது டேபிளோட எல்லா ரோவும் வர்ற அவுட்டர் ஜாயின்) எழுத முடிஞ்சது, அதனால பழைய கோடு எழுதினவங்கள குறை சொல்ல ஒண்ணுமில்ல. போஸ்ட்கிரெஸ் அந்தக் குறியப் பார்த்தா நேரா எர்ரர் குடுத்துரும், அது நல்லதுதான். எர்ரரே வராம ரிசல்ட் தப்பா வர்றதுதான் பயம்.

குவரில ரெண்டு கண்டிஷன். கஸ்டமர் ஐடிய பில் டேபிளோட சேர்க்கிறது ஒண்ணு, பில்லோட ஸ்டேட்டஸ் 'பெண்டிங்'னு பார்க்கிறது இன்னொண்ணு, ரெண்டுலயும் பில் பக்கம் (+) இருந்துச்சு. மாத்தும்போது டீம்ல ஒருத்தர் முதலாவத 'ஆன்'ல (ஜாயினுக்கான கண்டிஷன் எழுதுற இடம்) கொண்டுபோயிட்டு ரெண்டாவத 'வேர்'லயே (ஜாயின் முடிஞ்சப்பறம் வடிகட்டுற இடம்) விட்டுட்டார், பில்லே இல்லாத கஸ்டமருக்கு ஸ்டேட்டஸ் 'நல்' (மதிப்பே இல்லாத காலி), அந்த 'நல்'ஐ பெண்டிங்கோட ஒப்பிட்டா உண்மைன்னு வராது, அதனால அந்த ஆளுங்க எல்லாம் லிஸ்ட்ல இருந்தே காணாமப் போயிட்டாங்க. அதையும் 'ஆன்'குள்ள போட்டதும் ஆரக்கிள் கவுன்ட்டோட பொருந்திருச்சு. (+) ஒட்டியிருக்கிற ஒவ்வொரு கண்டிஷனும் 'ஆன்'குள்ள போகணும், இதுல விதிவிலக்கே கிடையாது.

---

சூப்பர் ப்ரோ. நான் இருந்தது எஸ்கியூஎல் சர்வர் பக்கம், அங்க (+)க்கு பதிலா *= குறி. 2005 வர்ஷன்ல கம்பாட்டிபிலிட்டி லெவல் (பழைய வர்ஷன் மாதிரி நடக்க வைக்கிற செட்டிங்) 80 வச்சா மட்டும் ஓடும், 2012ல அந்த லெவலையே தூக்கிட்டாங்க. *= போட்டு "பில் ஐடி நல்" னு கேட்டா பில் இல்லாதவங்க மட்டும் வருவாங்கன்னு நினைப்போம், ஆனா அந்த நல் செக்க ஜாயினோடவே சேர்த்துப் பார்த்துரும், பில் இருக்கவங்களும் வந்து நிப்பாங்க. அதனாலதான் பழைய கோடுல அந்த எடத்துல நாட் எக்ஸிஸ்ட்ஸ் (இன்னொரு டேபிள்ல ரோ இல்லையான்னு பார்க்கிறது) இருக்கும், மாத்தும்போது அத தொடவே வேணாம், அப்படியே விட்டுருங்க.

---

மைஎஸ்கியூஎல் ஆளுங்களுக்கு ஒண்ணு சொல்றேன். அதுல ஃபுல் அவுட்டர் ஜாயின் (ரெண்டு பக்கத்துலயும் ஜோடி இல்லாத ரோவும் வர்றது) கிடையாது. முழுசா "ஃபுல் அவுட்டர் ஜாயின்"னு அடிச்சா எர்ரர் வந்துரும், ஆனா 'அவுட்டர்' விட்டுட்டு "ஃபுல் ஜாயின்"னு மட்டும் அடிச்சு பின்னாடி 'யூசிங்' (எந்த காலம் வச்சு சேர்க்கணும்னு சொல்றது) போட்டா 'ஃபுல்'லுங்கிறத முதல் டேபிளோட அலியாஸா (மாற்றுப் பேரா) எடுத்துக்கிட்டு சும்மா இன்னர் ஜாயின் (ஜோடி இருக்கிற ரோ மட்டும்) ஓட்டிரும்!! ஒரு வார்னிங் கூட இல்ல. எங்க ஆபீஸ்ல ரெண்டு மாச ஸ்டாக் டேலி இப்படித்தான் குறைஞ்சு வந்துச்சு.

---

ஆமாங்க, ஃபுல் ஜாயினுக்கு பதிலா லெஃப்ட் ஜாயினையும் ரைட் ஜாயினையும் யூனியன் (ரெண்டு ரிசல்ட்ட ஒண்ணா சேர்க்கிறது) பண்ணச் சொல்வாங்க, வெறும் யூனியன் போட்டா உண்மையிலேயே ரெண்டு தடவை இருக்க வேண்டிய ரோவும் ஒண்ணாயிரும். ஒரே மாதிரி ரோவ நீக்காத யூனியன் ஆல் போட்டு, ரெண்டாவது பாதியில இடது பக்கம் 'நல்' வர்ற ரோவ மட்டும் எடுங்க. எஸ்கியூலைட்ல 3.39 (2022) இருந்து ரைட்டும் ஃபுல்லும் வந்துருச்சு, ஆனா போன் ஆப்ல பழைய வர்ஷன் உள்ள இருக்கும், செக் பண்ணிட்டு எழுதுங்க.